செவ்வாய்க்கிழமை மாலையின் மதிப்பெண்

தென்கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டைச் சுற்றியிருக்கும் பப்புகளுக்கு நானும் ஒரு நண்பரும் ஒவ்வொன்றாகப் போய்வந்து மதிப்பெண் போட்டுவருகிறோம். அவர் யார்க்‌ஷயர்க்காரர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பியர் அவர் பொறுப்பு. நான் குடிப்பதில்லை. ஒரு சோடாவை வைத்துக்கொண்டு மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டாஸ்மாக் வாசலை முகம் திருப்பிக் கடந்தே பழகிய எனக்கு, பாட்டியும் பேரனும் நாயும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரும் மதுக்கடை பிடிபட வெகுநாளாயிற்று. குடி கெடுத்த குடும்பங்கள் இங்கும் உண்டு. அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

நண்பரின் அளவுகோல் காம்ரா இயக்கத்துடையது. பெரிய ஆலைகள் வடிகட்டி வாயு ஏற்றிய பியரை எல்லா ஊருக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடிருந்து பக்குவமாகும் பழைய காஸ்க் பியரைக் காப்பாற்ற 1971-இல் தொடங்கிய இயக்கம் அது. 0 முதல் 5 வரை மதிப்பெண். 3 என்றால் நல்ல பியர். 5 போட அவருக்கு மனம் வருவதே அபூர்வம்.

என் கணக்கு வேறு. தனியாக வந்த ஒருவர் ஒரு மணி நேரம் கூச்சமில்லாமல் உட்கார முடிகிறதா? வரிசையே இல்லாத கவுண்டரில், யாருக்குப் பின் யார் வந்தார் என்பது ஊற்றித் தருபவருக்கு நினைவிருக்கிறதா? 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் தன் மனத்துக்குகந்த பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பியரை முதலில் வைக்கவில்லை, அந்த இடத்தின் சூழலைத்தான் வைத்தார். அப்படியொரு பப் உண்மையில் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

இரண்டு கணக்கும் ஒன்றுதான் என்பதைப் பீப்பாய்தான் எனக்குக் காட்டியது. காஸ்க் பியர் திறந்த பிறகு மூன்று நாள் போலத்தான் சுவை நிற்கும். வழக்கமான சின்னப் பீப்பாயில் 72 பைன்ட். அப்படியானால் நாளுக்கு 24 பைன்டாவது போக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு அது ஒரு விஷயமே இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை? நிலவறையை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், ஆள் வராத பப்பில் பியர் புளித்துத்தான் போகும். அங்கே நண்பர் போடும் 1, கடைக்காரருக்கு மட்டுமா? பக்கத்திலேயே குடியிருந்தும் எட்டிப் பார்க்காத தெருவுக்கும் சேர்த்துத்தான். அந்த 1-ஐப் படித்து இன்னும் நாலு பேர் வராமல் போனால் அடுத்த பீப்பாய் இன்னும் மெதுவாக இறங்கும்.

நண்பர் இதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. “காசு கொடுத்துப் புளித்த பியரைக் குடிப்பவனுக்கு யார் உண்மையைச் சொல்வது?” என்பார். நியாயமான கேள்வி. அதனால் எண்ணை மாற்றச் சொல்வதில்லை. என்ன கிழமை, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதிவைக்கிறோம். குறைந்த மதிப்பெண் என்றால் இன்னொரு முறை போய்ப் பார்க்காமல் உறுதி செய்வதில்லை. ஓரிரவு விருந்தாளி தீர்ப்புச் சொல்லும்போது இந்தப் பொறுமையாவது வேண்டும்.

குறைந்த மதிப்பெண்ணைவிடப் பெரிய ஆபத்தும் பப்புக்கு உண்டு. கட்டடத்தை விற்றால் அடுக்குமாடி கட்டுபவர் நல்ல விலை தருவார். நன்ஹெட் பகுதியின் ஐவி ஹவுஸ் பப் அப்படித்தான் விலைக்குப் போக இருந்தது. 2011-இன் உள்ளாட்சிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சமூகச் சொத்து என்ற பதிவை நாட்டின் பப்புகளிலேயே முதலாவதாக அதற்கு வாங்கினார்கள் அங்குள்ளவர்கள். 2013-இல் நூற்றுக்கணக்கானோர் பங்கு போட்டு அதை வாங்கியும்விட்டார்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் செய்ய முடியாத வேலை அது.

உங்கள் தெருவில் நாலு பேர் கூடும் இடம் ஏதாவது இருக்கும், படிப்பகமோ டீக்கடையோ. கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, இந்த வாரமே ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.