கண்டதும் கற்றதும்

பத்தாம் நூற்றாண்டுப் பாரசீக வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி, விண்மீன் கூட்டங்களின் உருவங்களை விளக்கி அரபியில் இயற்றிய பெருநூலை, 1954-இல் அச்சேற்றி உலகுக்கு அளித்த பெருமை ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிப் என்னும் உஸ்மானியா நூல் வெளியீட்டு நிலையத்துக்கு உரியது. கி.பி. 964-ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்நூலில், ஆண்ட்ரொமீடா கூட்டத்தருகே வரையப்பட்ட மீனுருவின் வாய்ப்புறத்தில் 'சிறு மேகம்' ஒன்று இருப்பதாக ஆசிரியர் குறிக்கிறார். ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், எண்ணற்ற கோடி சூரியர்களைக் கொண்டு விளங்கும் தனியொரு மண்டலம் அது என்பது, 1920-களில் வானியலறிஞர் ஹப்பிளின் ஆராய்ச்சிக்குப் பின்னரே ஐயமற நிலைபெற்றது. ஆயினும் அல்-சூஃபி எழுதிய சொல் பொய்க்கவில்லை. கண்ணுக்கு மேகமாகத் தோன்றியதை மேகமென்றே எழுதி நிறுத்திக்கொண்ட அந்த அடக்கத்தை நான் ஒரு சத்திய விரதமாகவே கருதுகிறேன்.

அவ்விரதம் இன்று முன்னிலும் கடினமாகிவிட்டது. ஹைதராபாத் நகரத்து விளக்குகளைக் கடந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் 48 அங்குலத் தொலைநோக்கி நிறுவப்பட்ட ரங்காபூர்ப் பக்கம் போனால் கிட்டக்கூடிய இருளில், சிறு தொலைநோக்கியருகே அமர்ந்து, செந்நிறமாக மங்கவைத்த டேப்லெட்டின் கரிய திரையில் நீர்ச்சுழி என்னும் விண்மீன் மண்டலத்தை வரையும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கண் இருளுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும். மங்கிய ஒளியை உணரும் அணுக்கள் விழித்திரையின் நடுவில் இல்லையாதலால், பொருளை நேரே நோக்காமல் சற்றே விலகி நோக்க வேண்டும். அப்போதும் தெரிவது சாம்பல் நிறத்து ஒளிக்கறைகள் இரண்டே. ஆனால் அவர் மனத்திலோ, ஹப்பிள் விண்தொலைநோக்கி எடுத்த வண்ணப்படத்தின் சுருள் கரங்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கின்றன. விரலசைவில் அவற்றைத் தீட்டிவிடத் திரையும் காத்திருக்கிறது.

இங்கே சைவ சித்தாந்தம் துணைக்கு வருகிறது. அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் காட்சி, கருதல், உரை என்னும் பிரமாணங்களை ஆராயுமிடத்து, ஐயமும் திரிவும் நீங்கியதே மாசற்ற காட்சி என்று வரையறுக்கிறார். 'ஏதோ ஒன்று உளது' என்ற அளவில் நிற்கும் நிர்விகற்பமும், பெயரும் குணமும் கூட்டியறியும் சவிகற்பமும் அங்கே வேறுபடுத்தப்படுகின்றன. தொலைநோக்கியின் முன் இப்பாகுபாடு ஏட்டோடு நின்றுவிடுவதன்று. ஒவ்வொரு கோட்டிலும் அது சோதனைக்குள்ளாகிறது. ஞானியரின் அனுபவங்களை ஓதி ஓதி, ஓதியதையே தன் அனுபூதியென மயங்கும் சாதகனுக்கும், படத்தில் பார்த்த கரத்தை வானில் கண்டதாக வரைபவருக்கும் நேரும் இடர் ஒன்றே. கேட்டது பொய்யன்று, கேட்டதைக் கண்டதாகச் சொல்லும்போதுதான் பொய் பிறக்கிறது.

எனினும் உரையை அறவே விலக்கிய காட்சி கைகூடுமா? 1845-இல் அயர்லாந்தின் பர் கோட்டையில் ரோஸ் பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியின் வழியே அந்நீர்ச்சுழி மண்டலத்தின் சுருளைக் கண்டு வரைந்தார். அங்கே சுருள் உண்டென்று அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் அதைத் தேடிக் காணலாயினர். மேகம்போல் தோன்றும் இத்தகைய 'நெபுலா'க்களின் இயல்பைப் பற்றி அவர் காலத்தார் கொண்ட கொள்கைகள் பல வீழ்ந்துபட்டன; அந்தச் சுருளோ வீழவில்லை. ஆகவே நம்பத்தக்கோர் உரையாகிய ஆப்தவாக்கியம் கண்ணுக்கு வழிகாட்டலாம். கண்ணுக்குப் பதிலாக அதுவே சாட்சி சொல்லலாகாது என்பதே என் துணிபு.

கண்டதையும் கேட்டதையும் பிரித்து வைக்க, டேப்லெட் என்னும் இப்புதிய கருவியே ஓர் உபாயத்தையும் தருகிறது. அதில் ஒரே சித்திரத்தை அடுக்கடுக்காக வரையலாம். உறுதியாகக் கண்டதை ஓர் அடுக்கிலும், கண்டோமோ நினைத்தோமோ என்று ஐயுற்றதை வேறோர் அடுக்கிலும் எழுதி, நாள், நேரம், இடம், தொலைநோக்கியின் விட்டம் ஆகியவற்றோடு இரண்டையும் அழிக்காமல் காக்கலாம். வண்ணம் கண்ணுக்குத் தெரியாதபோது வண்ணம் தீட்ட வேண்டா. படம் வறிதாயிருப்பதாக நண்பர்கள் குறைகூறினும், ஐய அடுக்கின் கோடுகளை மறுபடி வானில் காணும்வரை முதல் அடுக்கிற்கு மாற்ற வேண்டா.