வறுமை காத்த ஊர்

இங்கிலாந்தின் ஸஃபோக் பகுதியில் இருக்கிறது லாவனம் என்ற சிற்றூர். மரச்சட்டங்களால் ஆன, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய வீடுகள் அங்கே ஏராளம். இவற்றை ஒரு சமூகத்தின் ரசனைக்குச் சாட்சியாகக் கொள்வது வழக்கம். சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது.

நீலச் சாயமிட்ட கனத்த கம்பளித் துணிதான் ஊரைச் செழிக்க வைத்தது. 1524இன் வரிக் கணக்குப்படி இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் இது முதல் இருபதுக்குள் வரும். 1523இல் இறந்த ஜவுளி முதலாளி தாமஸ் ஸ்ப்ரிங்கின் பணமும் சேர்ந்து எழுப்பியது மாதாகோயிலின் 141 அடிக் கோபுரம்.

இரண்டே வருஷம் கழித்து, எட்டாம் ஹென்றியின் பிரெஞ்சு யுத்தத்துக்காக வுல்ஸி கேட்ட பணத்தை எதிர்த்து அதே ஊரில் சுமார் நாலாயிரம் பேர் திரண்டார்கள். இதைக் கட்டினால் வேலை கொடுக்கக் கையில் காசிருக்காது என்று முதலாளிகள் சொல்லியிருந்தார்கள். உங்கள் தலைவன் யார் என்று நார்ஃபக் பிரபு விசாரித்தபோது, ஜான் கிரீன் என்பவர், வறுமைதான் எங்கள் தலைவன் என்ற பொருளில் பதில் சொன்னதாக எட்வர்ட் ஹால் எழுதிவைத்திருக்கிறார். அரசன் வசூலைக் கைவிட்டான்.

வறுமை ஊரை விடவில்லை. கால்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்களின் லேசான, மலிவான துணிக்கு முன் லாவனத்தின் துணி நிற்கவில்லை. பிற ஊர்களில் காசு கண்டவர்கள் மரவீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டிக்கொண்டார்கள். இங்கே இடிக்க வசதியில்லை. (அந்தச் சாய்வுகூட யாரும் விரும்பிச் செய்ததல்ல, பச்சை மரம் காய்ந்து முறுக்கிக்கொண்டது.)

ஆக, ஒருவனுடைய இயலாமையை நாம் அழகு என்று படிக்கிறோம். அழகுக்குப் பூர்வோத்தரம் கேட்கக் கூடாது என்கிற அழகியல்வாதியின் பதில் எனக்கு அநாகரிகமாகப் படுகிறது. ரசிப்பதே பாவம் என்கிற பதிலோ அந்தத் தச்சர்களின் கைத்திறனையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. கேள்வியை வேறு விதமாகப் போடலாம்: 1700வாக்கில் அந்த வீடுகளில் ஒன்றில் இருந்த குடும்பத்துக்குப் பணம் வந்து, அவர்கள் வீட்டை இடித்திருக்கலாம் என்று நாம் மனதார விரும்ப முடியுமா? முடியாதென்றால் நம் ரசனை அவர்கள் பட்டினியின் பக்கம் நிற்கிறது. என்னால் விரும்ப முடிகிறது. ஆனால் வீட்டின் படத்தைப் பார்த்தபடி அல்ல.

இன்று அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றின் தன்மையை மாற்ற அனுமதி வேண்டும். முன்பு காசில்லாமை செய்த வேலையை இப்போது சட்டம் செய்கிறது. சிறையாகவும் ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதியாகவும் இருந்த கில்ட் மண்டபம் 1951 முதல் நேஷனல் டிரஸ்டின் வசம். உள்ளே போகக் கட்டணம் உண்டு.