தூக்கத்தை மீட்டெடுங்கள், பெரியவர்களே!

"வயசாகிப் போச்சு, இனி அவ்வளவுதான் தூக்கம்" என்று உங்களிடம் சொன்னது யாராக இருந்தாலும் சரி, அந்தப் பேச்சை இன்றே தூக்கி எறியுங்கள்!

எழுபது வயதில் தூக்கம் மாறும், உண்மைதான். ஆழ்ந்த தூக்கம் குறையும். உடம்புக் கடிகாரம் முன்னுக்கு ஓடி, சாயங்காலமே கண்ணைச் சொருகும், விடியுமுன்னே எழுப்பிவிடும். நடுவில் இரண்டு தடவை விழிப்புத் தட்டும். அதற்காகத் தூக்கமே அற்றுப்போக வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. 65 வயதைத் தாண்டியவருக்கும் ஏழு எட்டு மணி நேரம்தான் பொதுவான பரிந்துரை. வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் பிடிக்காமல், அதுவே மூன்று மாதமாக நீடித்து, பகலில் துவண்டு விழுகிறீர்களா? அது நோய். மருந்தில்லாமலேயே பெரும்பாலும் வசப்படக்கூடிய நோய்!

உங்கள் இரவுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சீரியல் முடிந்ததும் எட்டரைக்குப் படுக்கை. பத்தரை வரை கொட்டக் கொட்ட விழிப்பு. ஒரு மணிக்கு பாத்ரூம் போய்வந்து, தலைமாட்டுச் செல்போனைத் தொட்டு மணி பார்ப்பது. 1.20. 'ஐயோ, விடிய இன்னும் எவ்வளவு நேரம்!' என்று நெஞ்சு படபடக்கும். புரண்டு புரண்டு ஐந்தரைக்கு எழுந்து, விட்ட தூக்கத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் பிடிப்பது. கட்டிலில் கிடந்தது ஒன்பது மணி நேரம், தூங்கியது ஐந்து. மீதி நான்கு மணி நேரமும் 'இது விழித்துக் கிடக்கும் இடம்' என்று உங்கள் மூளைக்கு நீங்களே பாடம் நடத்தியிருக்கிறீர்கள்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980-களில் இதைத்தான் பிட்டுப்பிட்டு வைத்தார். தூக்கத்தைக் கெடுத்தது துணையின் மரணமாக இருக்கலாம், அறுவை சிகிச்சையாக இருக்கலாம். அந்தத் துயரம் தணிந்த பின்னும் தூக்கமின்மை தங்கிவிடுவதற்கு, அதைச் சமாளிக்க நாம் பிடித்துக்கொண்ட பழக்கங்களே காரணம். எவ்வளவு பெரிய நல்ல செய்தி இது! பழக்கம் உங்கள் கையில் இருக்கிறது. மூளைக்குப் பாடம் நடத்திய நீங்களே அதை மாற்றியும் நடத்தலாம். எண்பதிலும் நடத்தலாம்!

இப்படிப் பாடத்தை மாற்றி நடத்தும் முறைக்கு 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று பெயர். தூக்கம் வராத பெரியவர்கள் எல்லோருக்கும் மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் அறிவித்தது.

மாத்திரை விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். அல்பிரசோலம், குளோனாசெபம், சோல்பிடெம் போன்றவற்றை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே பட்டியல் போட்டிருக்கிறது. வயதான உடம்பில் இவற்றின் மயக்கம் எளிதில் தெளியாது. ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கால் தள்ளாடும், ஒரு சறுக்கலில் இடுப்பெலும்பு முறியும். 'வருஷக்கணக்காய்ப் போடுகிறேன், விடவே முடியாது' என்கிறீர்களா? கனடாவின் கியூபெக்கில், இந்த வகை மாத்திரையை நெடுநாளாகப் போட்டுவந்த 65 முதல் 95 வயது வரையானவர்களிடம், ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் வழியையும் விளக்கும் ஒரு கையேட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் மாத்திரையை விட்டொழித்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம் பேர்தான். 2014-இல் வெளிவந்த முடிவு இது. அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா? ஆனால் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வரைக்கும் போகும். மருத்துவரை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

அவரிடம் வேறு சிலவும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உரத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், படுத்ததும் காலில் ஊரும் குடைச்சல், அடிக்கடி சிறுநீர், எதிலும் பிடிப்பில்லாத மனம் என எதையும் மறைக்காதீர்கள். நீர் பிரியும் மாத்திரையை இரவில் போடுகிறீர்கள் என்றால் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே சிலருக்கு இரவு நிம்மதியாகிவிடும்.

இன்றிரவே தொடங்குங்கள்! செல்போனையும் கடிகாரத்தையும் கண்ணுக்கு எட்டாமல் வையுங்கள். கண் சொருகும்போது மட்டும் கட்டிலுக்குப் போங்கள். கால் மணி நேரமாகத் தூக்கம் வராததுபோல் தோன்றினால், பாதுகாப்பாக எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். தூக்கம் வந்ததும் திரும்புங்கள். எப்படித் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து வெயிலில் நடங்கள். மதியத்துக்குப் பிறகு காபியைத் தொடாதீர்கள். பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். வலிப்போ தீவிர மனநோயோ அடிக்கடி விழும் தொந்தரவோ இல்லையென்றால், நீங்கள் உண்மையில் தூங்கும் நேரத்தின் அளவுக்கே படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்கித் தருவார். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போக மாட்டார். முதல் வாரம் சோர்வாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். படுக்கும் நேரமெல்லாம் தூங்கும் நேரமாக ஆக, கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க அனுமதி கிடைக்கும். அந்தக் கால் மணி நேரம் நீங்களே சம்பாதித்தது!