நாத்திகருக்கு எந்தக் கட்டம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிந்துகொண்டவர்கள் நாடு முழுவதும் சுமார் 33,000 பேர். மகாராஷ்டிரத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல். பெரியார் பிறந்த தமிழ்நாட்டிலோ சுமார் 1,300 பேர்தான். எண்ணிக்கையைவிட அது இடம்பெற்ற பட்டியல்தான் யோசிக்க வைக்கிறது. சர்னா போன்ற பழங்குடிச் சமயங்களோடு 'பிற மதங்கள்' வரிசையில் நாத்திகத்தையும் அரசு சேர்த்துவிட்டது. இது முறைதானா?

கடவுள் இல்லாததால் அது மதமில்லை என்பது வலுவில்லாத வாதம். பௌத்தத்திலும் சமணத்திலும் படைத்தவன் என்று ஒருவன் இல்லை. வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கும் சமயக் கணக்கர் வரிசையில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதியோடு பூதவாதியும் நிற்கிறான். மறுபிறவியை ஏற்காத அந்தப் பூதவாதிக்கும் வாதிட இடம் தந்தது நம் மரபின் பெருந்தன்மை. ஆனால் அவையில் இடம் பெற்றதாலேயே அவன் கொள்கை மதமாகிவிடாது.

மதம் ஒருவனைப் பிறப்பிலிருந்தே ஏந்திக்கொள்கிறது. பெயர் வைக்கிறது, மணம் முடிக்கிறது, இறந்தபின் என்ன செய்வதென்றும் சொல்கிறது. நாத்திகம் ஒன்றை மறுப்பதோடு நின்றுவிடும். அதற்குமேல் எப்படி வாழ்வது என்பதை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். சிலைக்கு மாலை, கறுப்புச் சட்டை, தலைவர் பிறந்தநாள் எல்லாம் பெரியார் இயக்கத்தில் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். மாலையும் விழாவும் மதத்துக்கு அடையாளம் என்றால் நம் கட்சிகள் எல்லாமே மதங்கள்தான்.

அப்படியானால் பாதுகாப்பு? அமெரிக்காவில் விஸ்கான்சின் சிறைக்கைதி ஒருவர் நாத்திகர் படிப்பு வட்டம் நடத்த அனுமதி கேட்டார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசமைப்பு தரும் பாதுகாப்பைப் பொறுத்தவரை நாத்திகத்தையும் மதமாகவே கொள்ள வேண்டும் என்றது. நல்லெண்ணம்தான். ஆனாலும் உரிமை பெற மதவேடம் போட வேண்டியிருக்கிறது. 2014 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் காட்டிய வழி இதைவிட நேர்மையானது. 'மதமில்லை' என்று அரசிதழில் வெளியிட அரசு அச்சகம் மறுத்ததை எதிர்த்து வந்த வழக்கு அது. வழக்குத் தொடுத்தவர்கள் நாத்திகர்கள்கூட அல்ல. இயேசுவை நம்பி, மதத்தை மட்டும் வேண்டாம் என்றவர்கள். எனக்கு மதமில்லை என்று சொல்வதும் இந்திய அரசமைப்பின் 25-ஆம் பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரத்தில் அடங்கும், மதத்தை அறிவிக்கும்படி யாரையும் வற்புறுத்த முடியாது என்றது தீர்ப்பு.

நடைமுறை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அண்ணா அரசு 1967-இல் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது, இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்துத்தான். கடவுளை மறுத்து மாலை மாற்றுபவர்கள் சட்டப்படி இந்துக்களாகவே மணக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் அந்தப் பிரிவும் கிடையாது. மும்பை திலக் நகரில் வாழும் ஒரு தமிழ் ஜோடி சடங்கின்றி மணக்க நினைத்தால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

1893-இல் வீட்டுப் பிள்ளையாரை ஊர்த் திருவிழாவாக்கிய திலகரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு திலக் நகர். அங்குள்ள சஹ்யாத்ரி மண்டலின் கணபதிப் பந்தலைப் பார்க்க மும்பையின் பல மூலைகளிலிருந்தும் கூட்டம் வரும். இப்படிப்பட்ட இடத்தில் நம்பிக்கையில்லாத ஒருவர் விழாவுக்கு வர்கணி (நன்கொடை) தர மறுத்தால், "உன் மதம் வேற, அதான்" என்று சொல்லி ஒதுக்குவது அநியாயம். அவர் வேறு மதத்துக்குப் போகவில்லை. தனக்குப் பொய் என்று படுவதற்குப் பணம் தரவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் கடமை உண்டு: பக்கத்து வீட்டுப் பிள்ளையாரைப் பரிகசிக்காமல் இருப்பது. அயலார் மகிழ்ச்சிக்காக அவரே விரும்பிப் பணம் தந்தால் அதில் கொள்கைக் குறைவும் இல்லை.

நம்பாதவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது வெறும் வாதமல்ல. 2017 மார்ச்சில் கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், கடவுள் மறுப்புக்காகக் கொல்லப்பட்டார். நம்பிக்கைக்குக் கிடைக்கும் அதே காவல் நம்பாமைக்கும் வேண்டும், மதம் என்ற பெயர் இல்லாமலே.

2027 கணக்கெடுப்புப் படிவத்தில் 'மதமில்லை' என்பதற்குத் தனிக்கட்டம் வேண்டும். கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது, நம்பாதவர்கள் தயங்காமல் அதைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். நம்புகிறவர்கள், உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தப் பதிலை மாற்றிச் சொல்லாதீர்கள்.