நூறு டிகிரியில் மறக்கருணை

"அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம் பறக்கு, அப்புறம் படுத்துருது." கல்யாண வீடியோ எடிட் பண்ணும் பையன் லேப்டாப்பை மேசையில் வைத்தான். ரெண்டர் போட்டுப் பார்த்தேன். 4 கிகாஹெர்ட்ஸில் கிளம்பிய ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் 1.4-க்கு இறங்கியது. ஃபேன் அலறியது. "செத்துப்போச்சா?" என்றான். சாகாமல் இருக்கத்தான் இறங்குகிறது என்றேன்.

என் அப்பா சைவ சித்தாந்தி. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் அருளே என்பார். தண்டித்துத் திருத்துவது மறக்கருணை. அவர் கையால் நிறைய அடி வாங்கியவன் என்பதால் அந்தச் சொல்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆனால் 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்கைக் கழற்றி வீடியோ எடுத்தார்கள். பென்டியம் 4 ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துத் தவழ்ந்து தவழ்ந்தாவது ஓடியது. அப்படி இறங்கத் தெரியாத அத்லான் ப்ராசஸர் புகைந்து கருகியது. அதைப் பார்த்த அன்று அப்பா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் பட்டது.

பையனின் லேப்டாப்பைத் திறந்தேன். ஃபேன் வாயில் தூசி கம்பளியாய்ப் படிந்திருந்தது. தெர்மல் பேஸ்ட், சாயங்கால நெற்றித் திருநீறுபோலக் காய்ந்து உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகப் பூசினேன். முழு ரெண்டருக்கும் 84 டிகிரியைத் தாண்டவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அப்பா ஜெயித்திருப்பார். அடுத்த மாதம் அதே பையன், அதே லேப்டாப். இப்போது ரெண்டர் போட்டாலும் 0.8-ஐத் தாண்டவில்லை. சூடோ 45 டிகிரிதான். தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. ப்ராக்ஹாட் என்று ஒரு சிக்னல் உண்டு. கொதித்தால் ப்ராசஸரே அதை எழுப்பும். போர்டில் உள்ள வேறு பாகங்களும், சார்ஜர்மேல் சந்தேகம் வந்தால்கூட, அதே கம்பியில் எழுப்பலாம். எழுப்பியது யார், உண்மையிலேயே சுடுகிறதா என்று ப்ராசஸர் விசாரிக்காது. அடங்கிவிடும். நானும் சின்ன வயதில் அப்படித்தான், அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே.

சார்ஜர் எங்கே வாங்கினாய் என்றேன். தெருவோரக் கடையில், மலிவு விலைக்கு. என்னிடம் இருந்த நல்ல சார்ஜரைச் செருகி மறுபடி ஆன் செய்தேன்; வேகம் திரும்பிவிட்டது. அருள் என்று நம்பி விட்டிருந்தால் அந்த லேப்டாப் ஆயுசுக்கும் தவழ்ந்திருக்கும். எந்தத் தடை காக்கிறது, எது வெறும் பொய் மிரட்டல் என்று அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது.

உங்கள் லேப்டாப் திடீரென்று மந்தமானால் முதலில் டிகிரியைப் பாருங்கள். குளிர்ந்திருந்தும் நகரவில்லையா? வேறு சார்ஜர் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்கு வாருங்கள்.