வேலுக்கு முன்னாடி தூது

ஓம் சரவணபவ!

"முருகன் இருக்கான், பார்த்துக்கலாம்." நாம அடிக்கடி சொல்ற வார்த்தை. நல்ல வார்த்தைதான். ஆனா தயாராகிட்டுச் சொல்றோமா, தயாராகாம இருக்கறதுக்காகச் சொல்றோமா?

போலந்து நாட்டு மலையேறி ஆன்ஜே பார்கியெல். 8,611 மீட்டர் உயரமான கே2 சிகரத்துல ஏறி, உச்சியிலிருந்து அடிவாரம் வரை பனிச்சறுக்குலயே இறங்கணும்னு நினைச்சார். அதுவரை யாரும் முழுசாச் செய்யாத காரியம். ஒரு தடவை சறுக்கி விழுந்தா உயிர் போயிடும்.

2017ல போனார். மலையோட நிலைமை சரியில்ல, திரும்பிட்டார். 2018ல மறுபடி போனார். இறங்குற வழியைத் தனியாத் திட்டம் போட்டார். ஆள் போய்ப் பார்க்க முடியாத சரிவுகளை அவரோட சகோதரர் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார். ஜூலை 22, உச்சியிலிருந்து அடிவாரம் வரை சறுக்கியே வந்து சேர்ந்தார்.

இதைப் படிச்சதும் எனக்குக் கந்த புராணம்தான் ஞாபகம் வந்துச்சு. திருச்செந்தூர்ல படையோட வந்து தங்கின நம்ம அப்பன் கையில அன்னை தந்த வேல் இருக்கு. உடனே எறிஞ்சிருக்கலாம். எறியலையே! முதல்ல சகோதரர் வீரபாகுவைச் சூரபத்மன்கிட்டத் தூது அனுப்பினார். அவர் போய்ப் பேசித் திரும்பி வந்து நிலவரம் சொன்ன பிறகுதான் போர்.

எல்லாம் தெரிஞ்ச இறைவனுக்குத் தூது எதுக்கு? சூரன் திருந்த ஒரு வாய்ப்பு, அது கருணை. நமக்கோ அது ஒரு பாடம். வேலை ஞானவேல்னு சொல்றோமே: அகலமாப் பார், ஆழமா யோசி, கூர்மையா முடிவெடு.

பார்கியெல் எவரெஸ்டுக்கும் போனார். 2019ல தலைக்கு மேல தொங்கின பனிப்பாறையைப் பார்த்துத் திரும்பினார். 2022ல பலத்த காத்தால திரும்பினார். 2025 செப்டம்பர்ல செயற்கை ஆக்சிஜன் இல்லாம ஏறி, சறுக்கி இறங்கினார். இடையில திரும்பினதால அவரோட வீரம் குறைஞ்சா போச்சு?

ஆபீஸ்ல ரோல்பேக் ப்ளான் இல்லாம ஒரு ரிலீஸுக்கும் நாங்க ஓகே சொல்ல மாட்டோம். வேலையை விடறதுக்கும், லோன் போட்டுத் தொழில் தொடங்கறதுக்கும் மட்டும் அது வேண்டாமா? "இப்ப வேண்டாம், இன்னும் தயாராகணும்"னு புத்தி சொன்னா, முருகன் கைவிட்டுட்டான்னு அர்த்தம் இல்ல. அந்தப் புத்தியைக் கொடுத்ததே அவன்தான்.

வர்ற செவ்வாய்க்கிழமை விளக்கேத்திட்டு ஒரு பேப்பர்ல மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க. யாரைப் போய் விசாரிக்கணும்? எந்த நிலைமை வந்தா திரும்பணும்? இறங்குற வழி எது? அதை வேலவன் பாதத்துல வெச்சுட்டு அப்புறம் தைரியமாச் சொல்லுங்க: முருகன் இருக்கான்!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!