மரியாதையும் உறவும்

நெல்லைச் சீமையிலிருந்து கோவைக்குக் குடிவந்த நண்பர் குறைப்பட்டார்: "இங்கே சிறுபிள்ளையைக்கூட 'ஏனுங்க, வாங்க' என்கிறார்கள், வீட்டுக்குத்தான் கூப்பிடுவதில்லை. எங்களூரில் 'ஏலே' என்று அதட்டிவிட்டுச் சோறு போடுவார்கள்."

கொங்குத் தமிழின் 'ங்க' வெறும் உபசாரந்தானா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள், அன்ஸாரியான ஸஅது இப்னு ரபீஉ (ரலி). வந்தவரோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுப் பிழைத்தார்கள். உள்ளூராருக்கு ஸஅதின் கடமை உண்டுதான். ஆனால் வழி கேட்பது வந்தவர் வேலையல்லவா?

உக்கடம் பள்ளிவாசலில் ஓராண்டாய் அவர் பக்கத்தில் தொழுபவரின் பெயரைக் கேட்டேன்.

"அவரும் என் பெயரைக் கேட்டதில்லையே!" என்றார்.